இல்லமும் பொருளும்: கூடத்துக்கு எத்தனை அங்குலம்?

தீபாவளியை ஒட்டிய மாதங்களில் நம் சங்கத்து அன்பர் பலர் கேட்கும் கேள்வி ஒன்றே. "புதிய தொலைக்காட்சிப் பெட்டி வாங்க எண்ணியிருக்கிறோம், எத்தனை அங்குலம் எடுக்கலாம்?" கேட்பவர் மாதுங்காவில் இருந்தாலும் முலுண்டில் இருந்தாலும் டோம்பிவிலியில் இருந்தாலும் வினா மாறுவதில்லை. விடைதான் வீட்டுக்கு வீடு மாறும். ஆகவே இம்மாதம் அதனையே ஆராயப் புகுந்தோம்.

இவ்வினா அண்மையில் வலுத்தமைக்குக் காரணம் உண்டு. 32 அங்குலத்துக்கு மேற்பட்ட பெட்டிகளுக்கு இருந்த 28 விழுக்காடு சரக்கு சேவை வரி, 2025 செப்டம்பர் 22 முதல் 18 விழுக்காடாகக் குறைந்தது. வரி சேராமல் 20,000 ரூபாய் விலையுள்ள பெட்டிக்கு முன்பு 25,600 ரூபாய் கொடுத்தோம். இப்பொழுது 23,600 ரூபாய். இரண்டாயிரம் மிச்சம். ஆனால் நம்மவரில் பலர் அந்த மிச்சத்தைக் கைக்கொண்டு வீடு திரும்புவதில்லை. அதனோடு மேலும் பத்தாயிரத்தைத் தவணையில் சேர்த்து, அடுத்த அளவுப் பெட்டியைத் தூக்கி வருகின்றனர். பக்கத்து வீட்டில் 55 இருக்கிறதே!

முதலில் அங்குலம் என்பது யாதெனத் தெளிதல் வேண்டும். கடையில் கூறும் எண் திரையின் அகலமன்று. ஒரு மூலையினின்று எதிர் மூலைக்குக் குறுக்காக அளந்த மூலைவிட்டம். 32 அங்குலத் திரை ஏறத்தாழ 28 அங்குல அகலமும் 16 அங்குல உயரமும் உடையது. 43 எனில் அகலம் முப்பத்தேழரை, உயரம் 21. 55 எனில் அகலம் 48, அதாவது முழுமையாக நான்கு அடி, உயரம் 27. பெயரளவில் 43க்கும் 55க்கும் பன்னிரண்டே அங்குல வேற்றுமையாயினும், திரையின் பரப்பு ஒன்றரை மடங்குக்கும் மேலாகப் பெருகிவிடுகிறது.

பழைய படக்குழாய்ப் பெட்டியின் கணக்கும் இங்கே செல்லாது. அதன் திரை நான்குக்கு மூன்று என்னும் விகிதத்தில் அமைந்தது; இன்றையது பதினாறுக்கு ஒன்பது. எனவே 21 அங்குலப் பழைய பெட்டியில் படத்தின் உயரம் ஏறத்தாழப் பன்னிரண்டரை அங்குலம் இருக்க, இன்றைய 24 அங்குலப் பெட்டியில் அது பன்னிரண்டுக்கும் குறைவு. "மூன்று அங்குலம் கூட்டித்தானே வாங்கினீர்கள், முகமெல்லாம் ஏன் சிறுத்துப் போயிற்று?" என்று வீட்டுப் பெரியவர்கள் கேட்டால், அது அவர்தம் கண்ணின் குறையன்று.

இனித் தூரம். பத்தடிக்குப் பத்தடி அறையில், பெட்டி நிற்கும் மேசையும் நாம் சாயும் சோபாவும் இடம் கொண்டது போக, கண்ணுக்கும் திரைக்கும் நடுவே எஞ்சுவது ஏழடி; அஃதாவது 84 அங்குலம். பார்ப்பவர் கண்ணில் திரை முப்பது பாகை அளவுக்கு நிறைந்திருத்தல் நன்று என்பது திரைத்தொழில் வல்லார் பலர் கொள்ளும் கணக்கு. அதன்படி மூலைவிட்டத்தைப் போல் 1.6 மடங்கு தூரத்தில் அமர வேண்டும். 84 அங்குலத் தூரத்துக்கு 52 அங்குலத் திரை வரை பொருந்தும். பார்த்தீர்களா, 55 சரிதானே என்பார் விற்பனையாளர்.

அவர் சொல்வது பொய்யன்று. எச்.டி. தரத்திலோ 4கே தரத்திலோ திரைப்படம் பார்ப்பார்க்கு அது பொருந்தும். ஆனால் நம் இல்லங்களில் நாள்தோறும் ஓடுவது எது? மராத்தி, இந்தி அலைவரிசைகளோடு கூடுதல் கட்டணம் கட்டிப் பெறும் தமிழ் அலைவரிசைகள். அவற்றிலும் செலவைக் கருதிப் பலர் எடுப்பது எச்.டி. அல்லாத சாதாரண ஒளிபரப்பு. அப்படம் 576 வரிகளால் ஆயது. எத்துணைப் பெரிய திரையில் விரித்தாலும் அவ்வரிகளே விரியும்; புதியன முளைத்துவிடா. அதன் தெளிவின்மை கண்ணை உறுத்தாதிருக்க மூலைவிட்டத்தைப் போல் ஏறக்குறைய மூன்று மடங்கு விலகி அமர வேண்டும். 32 அங்குலத்துக்கு எட்டடி. 43க்குப் பத்தே முக்கால் அடி. 55க்குப் பதின்மூன்றே முக்கால் அடி. பதின்மூன்றே முக்கால் அடி விலகினால் நாம் அண்டை வீட்டுக்காரர் மடியில் அன்றோ அமர்ந்திருப்போம்!

ஆகவே ஏழடித் தூரமும் சாதாரண ஒளிபரப்பும் உடையார்க்கு 32 போதும். எச்.டி. கட்டணம் கட்டுவோர்க்கும் இணையவழிப் படம் பார்ப்போர்க்கும் 43 தகும். ஓடும் எழுத்துகளைக் கூட்டிக் கூட்டிப் படித்தே தமிழ் பழகும் பிள்ளைகள் நம்மிடையே உண்டு. அவர்களுக்கும் 43 உதவும். 55 வாங்குவதாயின் ஒன்பதடித் தூரமாவது வேண்டும் என்பது நம் கருத்து. திரைத்தொழிலார் கணக்கு எட்டடிக்கும் குறைவாகவே இடந்தரினும் நாம் உடன்படோம்.

ஏன் உடன்படோம் எனில், நம்மில் பலர்க்குக் கூடம் என்பது கூடம் மட்டுமன்று. ஓரறையும் சமையலறையும் கொண்ட வீட்டில் அதுவே பத்தாம் வகுப்புப் பிள்ளை படிக்கும் இடம். இரவுப் பணி முடித்து வந்தவர் பகலில் உறங்கும் இடம். ஒலியைக் குறைக்கலாம், நான்கடி அகலத்தில் மின்னும் ஒளியை எங்ஙனம் குறைப்பது? சிறு திரையாயின் பிள்ளை முதுகைத் திருப்பி அமர்ந்தால் தீர்ந்தது. பெருந்திரையின் ஒளி எதிர்ச்சுவரிலும் நோட்டுப் புத்தகத்திலும் ஆடிக்கொண்டேயிருக்கும். நெல்லையிலிருந்து வந்திருக்கும் ஆச்சிக்குக் கண் மங்கல் என்று கூறிப் பெரிய பெட்டி வாங்குவோரும் உளர். ஆச்சியின் நாற்காலியை நான்கடிக்கு முன்னே நகர்த்துவதற்குக் காசு ஏதும் ஆகாது.

ஐயம் தீராதவர், வாங்கக் கருதும் அளவில் செய்தித்தாளை வெட்டிச் சுவரில் ஒட்டி இரண்டு நாள் பார்த்திருக்கலாம். உயரமும் அதனாலேயே விளங்கும். அமர்ந்தவர் கண்மட்டத்தில் திரையின் நடுப்பகுதி இருத்தல் நலம். பாய் விரித்துத் தரையில் அமர்வோர்க்கு அது இரண்டரை அடி. நாற்காலியில் அமர்வோர்க்கு மூன்றரை அடி. கடைகளில் போல் தலைக்கு மேலே மாட்டினால் வலி கழுத்துக்கு.

வாடகை வீட்டினர் சுவரில் துளையிடுமுன் வீட்டுக்காரரைக் கேட்டுக்கொள்க. பதினொரு மாதம் கழித்து முன்பணத்தில் அத்துளையின் விலை கழியக்கூடும். மேசைமேல் வைப்பதாயின் பெட்டியின் இரு கால்களுக்கு இடையே உள்ள அகலத்தை அளந்து செல்க. பல பெட்டிகளில் கால்கள் இரு ஓரங்களிலும் இருப்பதால், பழைய மேசை போதாமற் போய்ப் புதிய மேசையும் வாங்க நேரும்.

இடமாற்றம் உள்ள பணியினர்க்குத் தனியே ஒரு சொல். பெட்டி வந்த அட்டையையும் உள்ளிருக்கும் வெண்ணிறத் தக்கைகளையும் எறியாது பரணில் வையுங்கள். லாரியில் ஏற்றுங்கால் பெட்டியை நிமிர்த்தியே நிறுத்துக. படுக்க வைத்து அதன்மேல் வேறு மூட்டை ஏற்றினால் திரை உடையும். 55 அங்குலத்தின் அட்டை நான்கடிக்கும் மேற்பட்ட நீளமுடையது. அது ஏறும் பரண் உங்கள் வீட்டில் உண்டா என்பதையும் கடைக்குப் புறப்படுமுன் பார்த்துக்கொள்ளுங்கள்.