வாடகை வீடும் வயல் நிலமும்

"இது எமது வீடன்று, இன்றிருப்போம், நாளை இடமாற்றம் வந்தால் பெட்டியைக் கட்டுவோம். குப்பையைப் பிரிப்பதும் பசளை ஆக்குவதும் வளவுள்ளவர்களின் வேலை." மாத்தளை நகரிலே மேல்மாடிகளிலும் பின்னறைகளிலும் வாடகைக்குக் குடியிருக்கும் ஆசிரியரும் எழுதுவினைஞரும் வைத்தியசாலை ஊழியரும் இவ்வாறு கூறக் கேட்கிறோம். இவ்வெண்ணம் பிழையானது என்றும், அதனால் வரும் நட்டம் ஈற்றில் கமக்காரனின் தலையிலேயே விடிகிறது என்றும் நாம் கூறுகிறோம்.

எவ்வாறு என்று கேட்கலாம். மாத்தளையினூடே பாயும் சுது கங்கையைப் பாருங்கள். 1976ஆம் ஆண்டு முதல் பொல்கொல்லையில் திருப்பப்படும் மகாவலி நீர், உக்குவலை மின்நிலையத்தைக் கடந்து இவ்வாற்றிலேயே வந்து சேருகிறது. பின்னர் அம்பன் கங்கையோடு கலந்து, போவதென்னை நீர்த்தேக்கத்தின் வழியாக வறண்ட வலயத்து வயல்களுக்குச் செல்கிறது. நகரத்து வடிகாலில் நாம் எறியும் பொலித்தீன் பை மழை வந்ததும் ஆற்றை அடைகிறது. ஆறு அதனை வாய்க்காலிலும் வயலிலும் கொண்டுபோய்ச் சேர்க்கிறது. வீடு வாடகைக்கு எடுத்ததாக இருக்கலாம்; அவ்வீட்டிலிருந்து செல்லும் கழிவோ வீட்டுக்காரனின் பெயரைக் கேட்டுக்கொண்டு செல்வதில்லை.

இனிக் குப்பையின் கதையைக் கேளுங்கள். இலங்கை நகரங்களின் குப்பையிற் பாதிக்கு மேற்பட்டது மரக்கறித் தோலும் சோறும் இலைதழையுமே. அவை காற்றுப் பட உக்கினால் பசளையாகும். காற்றின்றிக் குவியலாய்க் கிடந்தால் மீதேன் வாயுவைக் கக்கும். புவியைச் சூடாக்குவதில் அது கரியமில வாயுவிலும் பன்மடங்கு கொடியது. இதனையுணர்ந்தே 2007ஆம் ஆண்டில் மாத்தளை மாநகர சபையும் செவனத நிறுவனமும், ஐக்கிய நாடுகளின் ஆசிய பசிபிக் ஆணைக்குழுவின் துணையோடு, வங்காளதேசத்து முறையைப் பின்பற்றி ஒரு கூட்டெரு நிலையத்தை இந்நகரில் அமைத்தன. பிற நாட்டார் முன்மாதிரியாகக் கொள்ளத்தக்க முயற்சி அது. அம்முறையின் உயிர்நாடி இயந்திரமன்று; வீட்டு வாசலிலேயே பிரித்துக் கொடுக்கப்படும் குப்பையாகும். கண்ணாடித் துண்டும் பழைய பற்றரியும் கலந்துவிட்டால், அப்பசளையைத் தன் மிளகுக்கோ கத்தரிக்கோ இட எந்தக் கமக்காரன் துணிவான்?

2021ஆம் ஆண்டில் இரசாயனப் பசளை இறக்குமதி திடீரெனத் தடுக்கப்பட்டபோது கமக்காரர் பட்ட பாட்டை நாடறியும். ஆயத்தமின்றி விதிக்கப்பட்ட அத்தடை அவ்வாண்டு நவம்பரிலேயே கைவிடப்பட்டது. நல்ல சேதனப் பசளை போதிய அளவு நாட்டில் இல்லை என்பது அன்று வெளிச்சமாயிற்று. பசளை ஆகவேண்டியதை நாம் குப்பை மேட்டுக்கு அனுப்பிக்கொண்டிருக்கிறோம். அம்மேடு என்ன செய்யும் என்பதை 2017 ஏப்ரல் 14ஆம் திகதி, புத்தாண்டு நாளன்று, கொழும்பு மீதொட்டமுல்லையில் கண்டோம். சரிந்த குப்பையின் கீழ் 30க்கும் மேற்பட்ட உயிர்கள் புதையுண்டன.

வளவில்லாதவர் செய்யக்கூடியது யாது? அடுக்களையில் இரண்டு வாளிகள் வையுங்கள். உக்குவது ஒன்றில், உக்காதது மற்றொன்றில். மாடி விறாந்தையில் இடமிருந்தால், துளையிட்ட மூடிவாளி ஒன்றில் மரக்கறிக் கழிவை இட்டு, ஒவ்வொரு முறையும் அதன்மேல் தும்புத் தூளோ காய்ந்த சருகோ தூவி, வாரம் ஒருமுறை கிளறுங்கள். இறைச்சி, மீன், எண்ணெய் ஆகியவற்றைச் சேர்க்காதிருந்தால் நாற்றமும் எலியும் அணுகா. சில மாதங்களில் அது கறுத்த மண்ணாகும்; கறிவேப்பிலைச் சாடிக்குப் போக மீதியைக் கிராமத்து உறவினருக்குக் கொடுக்கலாம். அரிசி கழுவிய நீரைச் செடிக்கு ஊற்றுங்கள். ஒழுகும் குழாயைக் கண்டால் வீட்டுக்காரருக்கு உடனே அறிவியுங்கள். சாடித் தட்டிலும் குளிர்சாதனப் பெட்டியின் பின்தட்டிலும் நீர் தேங்கவிடாதீர்கள். டெங்கு நுளம்புக்கு அதுவே போதும். சந்தைக்குத் துணிப்பை கொண்டு செல்லுங்கள். 2025 நவம்பர் 1 முதல் கைபிடியுள்ள பொலித்தீன் பைக்குக் கடைக்காரர் விலை அறவிட வேண்டும் என்பது விதி. துணிப்பையாற் பணமும் மிஞ்சும். இவற்றுள் எதற்கும் காணி உறுதி தேவையில்லை.

குடியிருப்போரை மட்டும் குறை கூறி நாம் அமையமாட்டோம். வாடகையை மாதந் தவறாது வாங்கும் வீட்டுக்காரர், வாளி இரண்டு வைக்க இடங்கொடுத்தலாகாதா? பிரித்துக் கொடுத்த குப்பையை ஒரே வண்டியிற் கொட்டிக் கலந்தால், அடுத்த நாள் எவர் பிரிப்பார்? எந்த நாளில் எக்குப்பை எடுக்கப்படும் என்பதைத் தமிழிலும் சிங்களத்திலும் ஒவ்வொரு தெருவிலும் அறிவித்து, அவ்வாறே நடத்துவது மாநகர சபையின் கடமையாகும். கமக்காரரும் நல்ல பசளையைக் கேட்டு வாங்க வேண்டும். கேட்பார் இருந்தாலன்றோ ஆக்குவார் தோன்றுவர்!

மாத்தளைக்கு மாற்றலாகி வந்தவர் ஐந்தாண்டிற் செல்லலாம். அவ்வைந்தாண்டும் அவர் உண்ணும் சோறும் கறியும் இம்மண்ணும் இந்நீரும் தருபவை. மண்ணிலிருந்து வந்ததை மண்ணுக்கே திருப்பிக் கொடுக்க, நாளைக் காலையே அடுக்களையில் இரண்டாவது வாளி ஒன்று வையுங்கள் என்று நாம் வேண்டுகிறோம்.