ரகசியமா ஒரு டெஸ்ட்: ரிப்போர்ட் கைக்கு வந்தா போதுமா? தயங்கும் இளைஞர்கள், காசு பார்க்கும் போலிகள்!

செங்கல்பட்டு:

"ரகசியம் காக்கப்படும்." பஸ் நிலைய கழிப்பறை சுவரிலும், மின்கம்பத்திலும் ஒட்டப்பட்டிருந்த இந்த நோட்டீஸ் வாசகம் இப்போது செல்போனுக்கே வந்துவிட்டது. வீட்டுக்கு வந்து ரத்தம் எடுப்போம், ரிப்போர்ட்டை வாட்ஸ்அப்பில் அனுப்புவோம், யாருக்கும் தெரியாது என்று தனியார் லேப்கள் வலை விரிக்கின்றன. பால்வினை நோய் இருக்குமோ என்ற கிலியில் இருப்பவர்களுக்கு இது பெரிய ஆறுதலாகத் தெரிகிறது.

மாமல்லபுரம், கோவளம், கல்பாக்கம் கடற்கரை ஊர்களில் எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும். மீனவ குப்பத்தில் இருந்து ஒருவர் ஆஸ்பத்திரி வரிசையில் நின்றால், சாயங்காலத்துக்குள் சேதி தெரு முழுக்கப் போய்விடும். "நீ ஏன்டா அங்க நின்ன?" என்ற ஒரு கேள்விக்கு பயந்தே பலர் ஒதுங்கிவிடுகிறார்கள். லாட்ஜ் ஊழியர், கல் சிற்பக் கூடத் தொழிலாளி, மறைமலைநகர் கம்பெனி தொழிலாளி, ஜி.எஸ்.டி. ரோட்டில் ஓடும் லாரி டிரைவர் என யாராக இருந்தாலும் பயம் ஒன்றுதான்.

நோய்க்கு ஊரும் தெரியாது, தொழிலும் தெரியாது. ஆனால் அந்த பயத்தை வைத்து காசு பார்க்கத் தெரிந்தவர்கள் நிறைய பேர் இருக்கிறார்கள்.

மூன்று வழி... எது சரி?

பயந்தவர் முன்னால் இருப்பது மூன்று வழிகள். ஒன்று, மெடிக்கல் ஷாப்பில் அறிகுறியைச் சொல்லி மாத்திரை வாங்குவது அல்லது லாட்ஜில் ரூம் போட்டு "வைத்தியம்" பார்ப்பவரிடம் போவது. இரண்டு, தனியார் லேப். மூன்று, அரசு ஆஸ்பத்திரி.

முதல் வழி படுகுழி. வெட்டை நோய் எனப்படும் கொனோரியா, ஒருகாலத்தில் கட்டுப்பட்ட பல மாத்திரைகளுக்கு இப்போது அடங்குவதில்லை. அரைகுறையாக மாத்திரை போட்டால் எரிச்சல் குறையும். கிருமி உள்ளேயே தங்கிவிடும். மேக நோய் எனப்படும் சிபிலிஸ் இன்னும் மோசம். புண் வலிக்காது, சில வாரங்களில் தானாகவே ஆறிவிடும். லேகியம் கொடுத்தவர் "பார்த்தியா, குணமாயிடுச்சு" என்று காலரைத் தூக்கிவிட்டுக் கொள்வார். ஆனால் கிருமி ரத்தத்தில் இருக்கும். கவனிக்காமல் விட்டால் பல வருஷம் கழித்து மூளையையும் இதயத்தையும் தாக்கலாம். ஆரம்பத்திலேயே கண்டுபிடித்தால், டாக்டர் போடும் ஒரே ஒரு பென்சிலின் ஊசியில் முடிகிற விஷயம் இது.

பால்வினை நோயையும் ஆண்மைக்குறைவையும் குணமாக்குவதாக மருந்துக்கு விளம்பரம் செய்வதையே 1954-ம் ஆண்டு வந்த மருந்து மற்றும் மாய நிவாரண விளம்பரச் சட்டம் தடை செய்திருக்கிறது. சட்டத்துக்கு 70 வயது தாண்டிவிட்டது. நோட்டீஸ் மட்டும் ஒழியவில்லை.

தனியார் லேப்பில் என்ன சிக்கல்?

தனியார் லேப் என்றாலே மோசம் என்று சொல்ல முடியாது. பதிவு பெற்ற, தரச்சான்று உள்ள லேப்பில் ரிசல்ட் சரியாகவே வரும். லேப்களும் கிளினிக்குகளும் அரசிடம் பதிவு செய்ய வேண்டும் என்று தமிழ்நாட்டில் 1997-ல் சட்டம் வந்தது. அதற்கான விதிகள் 2018-ல்தான் வந்தன. டெஸ்ட் எடுக்கும் முன் பதிவுச் சான்று இருக்கிறதா என்று பார்ப்பது நல்லது.

சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. லேப் கையில் கொடுப்பது ஒரு பேப்பர். அதில் என்ன எழுதியிருக்கிறது, அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று சொல்ல பெரும்பாலும் அங்கே ஆள் இல்லை.

"நேத்து தப்பு பண்ணிட்டேன், இன்னைக்கு டெஸ்ட் எடுத்தேன், நெகட்டிவ்" என்று நிம்மதியாகப் போனால் அது பொய் நிம்மதி. கிருமி உள்ளே வந்த உடனே ரத்தத்தில் தெரியாது. எச்.ஐ.வி. கிருமியையும் சேர்த்துப் பார்க்கும் நவீன லேப் டெஸ்ட்டில் தெரிய 18 முதல் 45 நாள் வரை ஆகும். விரலில் குத்திப் பார்க்கும் டெஸ்ட்டுக்கு 3 மாதம் வரை ஆகலாம். மேக நோய்ப் புண் வருவதற்கே 10 முதல் 90 நாள் வரை ஆகும். இடைப்பட்ட நாளில் எடுத்த டெஸ்ட்டை திரும்பவும் எடுக்க வேண்டும்.

எச்.ஐ.வி. பயம் இருந்தால் அதைவிட அவசரமான விஷயம் ஒன்று உண்டு. 72 மணி நேரத்துக்குள் டாக்டரிடம் போனால், ஆபத்தின் அளவைப் பார்த்து 28 நாள் தடுப்பு மாத்திரை தேவையா என்று அவர் முடிவு செய்வார். ஆன்லைனில் புக்கிங் போட்டுவிட்டு ரிப்போர்ட்டுக்குக் காத்திருந்தால் அந்த 72 மணி நேரம் போனது போனதுதான்.

பாசிட்டிவ் என்று வந்தாலும் உடனே இடிந்துபோக வேண்டியதில்லை. மேக நோய்க்கான வி.டி.ஆர்.எல். டெஸ்ட் கர்ப்பம், மலேரியா, தொழுநோய் போன்ற காரணங்களாலும் பாசிட்டிவ் காட்டலாம். இன்னொரு டெஸ்ட் எடுத்துத்தான் உறுதி செய்வார்கள். அரசு மையங்களில் எச்.ஐ.வி. என்று சொல்வதற்கு முன் மூன்று வெவ்வேறு கிட்களில் சோதிக்கிறார்கள். ஒரே ஒரு பேப்பரை வைத்துக்கொண்டு வாழ்க்கையே முடிந்தது என்று நினைப்பது பெரிய தவறு.

சாத்தூர் சொன்ன பாடம்

2018-ல் விருதுநகர் மாவட்டத்தில் நடந்த அந்த சம்பவத்தை யாரும் மறந்திருக்க முடியாது. சாத்தூர் அரசு ஆஸ்பத்திரியில் கர்ப்பிணிப் பெண் ஒருவருக்கு எச்.ஐ.வி. கிருமி உள்ள ரத்தம் ஏற்றப்பட்டது. நாடே அதிர்ந்தது.

ரத்தம் கொடுத்தது 19 வயது இளைஞர். அவருக்கே தனக்கு கிருமி இருப்பது தெரியாது. 2016-ல் அவர் ரத்ததானம் செய்தபோதே சோதனையில் தெரிந்திருந்தும், அந்தத் தகவல் அவரிடம் போய்ச் சேரவில்லை என்பது பிறகு வெளியே வந்தது. வெளிநாட்டு வேலைக்காக தனியார் லேப்பில் டெஸ்ட் எடுத்தபோதுதான் விஷயம் தெரிந்தது. தெரிந்ததும் ஓடி ஒளியவில்லை. "என் ரத்தத்தை யாருக்கும் ஏத்திடாதீங்க" என்று சொல்ல தானாகவே முன்வந்தார். அதற்குள் ரத்தம் ஏற்றப்பட்டுவிட்டது. மனம் உடைந்து உயிரை மாய்த்துக்கொள்ள முயன்றவர், டிசம்பர் 30-ந் தேதி மதுரை அரசு ஆஸ்பத்திரியில் இறந்துபோனார். அந்தப் பெண்ணுக்கு 2019 ஜனவரியில் பெண் குழந்தை பிறந்தது. குழந்தைக்கு கிருமி தொற்றவில்லை.

இதில் இரண்டு பக்கமும் பாடம் இருக்கிறது. அரசு சோதனையில் 2016-லேயே தெரிந்த உண்மை, உரியவருக்குச் சொல்லப்படவில்லை. தனியார் லேப் உண்மையைச் சொன்னது. ஆனால் அந்த உண்மையைத் தாங்கிக்கொள்ள அந்தப் பையனுக்கு போதிய துணை கிடைக்கவில்லை. ரகசியம் என்றால் ஊருக்குச் சொல்லாமல் இருப்பது. சம்பந்தப்பட்டவருக்கே சொல்லாமல் இருப்பது அல்ல. சொல்லிவிட்டு கைகழுவுவதும் அல்ல.

சட்டம் யார் பக்கம்?

1986-ல் இந்தியாவில் எச்.ஐ.வி. முதன்முதலில் கண்டுபிடிக்கப்பட்டது சென்னையில்தான். டாக்டர் சுனிதி சாலமனும் அவரது மாணவி நிர்மலாவும் அதைக் கண்டுபிடித்தார்கள். அப்போது இருந்த பீதியில் நோயாளியின் ரகசியத்தைப் பற்றி யோசித்தவர்கள் குறைவு. 1995-ல் சென்னை தனியார் ஆஸ்பத்திரி ஒன்றில் ரத்தம் கொடுக்க வந்தவருக்கு எச்.ஐ.வி. இருப்பது தெரிந்து, சேதி வெளியே போய், அவரது கல்யாணமே நின்றது. வழக்கு சுப்ரீம் கோர்ட்டு வரை போனது. மணப்பெண்ணின் உயிரும் முக்கியம், ரகசியம் காக்கும் உரிமைக்கும் எல்லை உண்டு என்று 1998-ல் தீர்ப்பு வந்தது.

இப்போது நிலைமை தெளிவாகிவிட்டது. 2017-ல் நிறைவேறி, 2018 செப்டம்பர் 10-ந் தேதி அமலுக்கு வந்த எச்.ஐ.வி., எய்ட்ஸ் தடுப்புச் சட்டப்படி, கோர்ட்டு உத்தரவு போன்ற சில சூழ்நிலைகள் தவிர, சம்மதம் இல்லாமல் டெஸ்ட் எடுக்கக்கூடாது. அனுமதி இல்லாமல் ரிசல்ட்டை வெளியே சொல்லக்கூடாது. வேலை தருவதற்கோ, சிகிச்சை தருவதற்கோ எச்.ஐ.வி. டெஸ்ட்டை நிபந்தனையாகப் போடக்கூடாது. கணவன் அல்லது மனைவிக்குச் சொல்வது என்றாலும் கவுன்சலிங் கொடுத்து, முன்கூட்டியே தெரிவித்துத்தான் சொல்ல முடியும். அடி உதை விழும், வீட்டை விட்டு துரத்தப்படுவார் என்ற பயம் உள்ள பெண்களுக்கு தனிப் பாதுகாப்பும் உண்டு.

அதாவது தனியார் லேப் காசுக்கு விற்கும் அந்த "ரகசியம்", அரசு ஆஸ்பத்திரியில் சட்டப்படி இலவசமாகவே கிடைக்க வேண்டிய உரிமை.

எங்கே போகலாம்?

மாமல்லபுரத்தில் இருந்து சுமார் 30 கிலோமீட்டரில் செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி இருக்கிறது. அரசு ஆஸ்பத்திரிகளில் எச்.ஐ.வி. பரிசோதனைக்கு "நம்பிக்கை மையம்" என்றும், பால்வினை நோய்களுக்கு "சுகவாழ்வு மையம்" என்றும் பெயர். டெஸ்ட் இலவசம், கவுன்சலிங் இலவசம். அறிகுறிக்கு ஏற்ப கலர் கலரான பாக்கெட்டில் தரும் மாத்திரையும் இலவசம்.

எச்.ஐ.வி. உறுதியானால் கூட்டு மருந்து சிகிச்சையும் இலவசம்தான். 2004 ஏப்ரலில் நாட்டிலேயே முதலில் அதைக் கொடுக்க ஆரம்பித்த சில ஆஸ்பத்திரிகளில் தாம்பரம் சானடோரியம் ஒன்று. அது இன்று செங்கல்பட்டு மாவட்டத்துக்குள்தான் வருகிறது. மருந்தை ஒழுங்காகச் சாப்பிட்டு ரத்தத்தில் கிருமி தெரியாத அளவுக்குக் குறைந்துவிட்டால், உடலுறவு மூலம் அடுத்தவருக்குத் தொற்றாது என்பதும் இப்போது உறுதியான விஷயம்.

சொந்த ஊர் ஆஸ்பத்திரியில் யாராவது பார்த்துவிடுவார்களோ என்ற பயம் இருந்தால் பக்கத்து ஊர் மையத்துக்குப் போகலாம். இந்த ஊர்க்காரர் இங்கேதான் போக வேண்டும் என்று கட்டாயம் இல்லை. எங்கே போவது என்றே தெரியாவிட்டால் 1097 என்ற இலவச எண்ணுக்கு போன் போட்டுக் கேட்கலாம். மனசு உடைந்துபோனால் 104-ல் பேசலாம்.

அரசு செய்ய வேண்டியது

எல்லாம் இலவசமாக இருந்தும் ஜனங்கள் ஏன் லேப்புக்கு காசு கட்டுகிறார்கள்? பகல் நேரத்து ஆஸ்பத்திரிக்குப் போனால் ஒருநாள் கூலி போச்சு. விடியற்காலை கடலுக்குப் போய்வரும் மீனவருக்கும், ஷிப்ட் வேலை பார்ப்பவருக்கும் அந்த நேரம் ஒத்துவராது. வாரத்தில் ஒருநாளாவது சாயங்காலம் மையம் திறந்திருந்தால் கூட்டம் தானாக வரும். வரிசையில் பெயரைக் கத்திக் கூப்பிடாமல் நம்பர் போட்டுக் கூப்பிட்டால் பாதி பயம் போய்விடும்.

வீட்டுப் பெண்களையும் மறக்கக்கூடாது. கிருமி இருந்தாலும் பல பெண்களுக்கு அறிகுறியே தெரியாது. கணவன் மட்டும் ரகசியமாக ஊசி போட்டுக்கொண்டு, மனைவியிடம் சொல்லாமல் விட்டால், கிருமி மனைவியிடம் இருந்து அவருக்கே திரும்பி வரும். மனைவி கர்ப்பமாக இருந்தால் வயிற்றில் உள்ள குழந்தைக்கும் ஆபத்து. மேக நோயால் குழந்தை இறந்தே பிறப்பதும் உண்டு. அதனால்தான் கர்ப்பிணிகளுக்கு அரசு ஆஸ்பத்திரிகளில் எச்.ஐ.வி.யோடு இந்த டெஸ்ட்டையும் எடுக்கிறார்கள்.

தனியாரில் எடுப்பதா, அரசில் எடுப்பதா என்பது அவரவர் விருப்பம். தனியாரில் எடுத்தாலும் அந்த ரிப்போர்ட்டோடு ஒரு டாக்டரையோ, நம்பிக்கை மையத்தையோ பார்த்துவிட வேண்டும். ஊருக்குத் தெரியாமல் இருக்கலாம், தப்பில்லை. டாக்டருக்கும் கூட வாழ்கிறவருக்கும் தெரியாமல் மறைத்தால்தான் ஆபத்து!