இரவல் ஷூ

கென்ய மாரத்தான் வீரர் கெல்வின் கிப்டம் இறந்துபோன செய்தி வந்த அன்று, விடிகாலையில் சின்னசேலத்தில் ஓடப் போகிற நாங்கள் ஏழெட்டுப் பேரும் அவர் படத்தை ஸ்டேட்டஸில் வைத்தோம். 24 வயது. ஓடியது மூன்றே மாரத்தான், மூன்றிலும் முதலிடம். 2023 அக்டோபர் 8 அன்று சிகாகோவில் 2 மணி நேரம் 35 விநாடியில் ஓடி முடித்தார். பந்தயத்தில் அதற்குமுன் யாரும் அவ்வளவு வேகமாக ஓடியதில்லை. அதை உலக சாதனையாக அறிவித்த ஐந்தாம் நாள், 2024 பிப்ரவரி 11 இரவு, கென்யாவில் கார் மரத்தில் மோதி அவரும் பயிற்சியாளர் ஹகிசிமானாவும் போய்விட்டார்கள்.

ஆடு மாடு மேய்த்த மலைக்கிராமத்துப் பையன். 2018இல் முதல் பெரிய போட்டிக்கு இரவல் ஷூவில் போனவர். சின்ன வயதில் தன் பின்னாலேயே வெறுங்காலோடு ஓடிவந்தவரைத் துரத்திவிட்டதாக ஹகிசிமானாவே சொல்லியிருக்கிறார். துரத்தியவர்தான் பிறகு பயிற்சியும் கொடுத்தார். அடக்கத்துக்கு முன்பாக அரசு அவசர அவசரமாக கிப்டமின் குடும்பத்துக்கு வீடு கட்டியது. "உயிரோடு இருக்கும்போது கட்டியிருக்கலாமே" என்று டீக்கடையில் நாங்கள் ஆத்திரப்பட்டோம்.

அப்படிப் பேச எங்களுக்கு என்ன யோக்கியதை இருக்கிறது? 2006இல் தோஹா ஆசிய விளையாட்டுப் போட்டியில் புதுக்கோட்டை சாந்தி 800 மீட்டரில் வெள்ளி வாங்கியபோது கொண்டாடினோம். பாலினச் சோதனையைச் சொல்லிப் பதக்கத்தைப் பறித்தபோது வாயைத் திறக்கவில்லை. அவர் செங்கல் சூளையில் வேலை செய்கிறார் என்று பேப்பரில் வந்தது. படித்தோம், பக்கத்தைப் புரட்டினோம்.

அதைவிடக் கிட்டத்தில் நடந்தது ஒன்று. சில வருஷங்களுக்கு முன் பள்ளிப் பிள்ளைகளின் 1500 மீட்டர் பந்தயம் பார்க்கப் போயிருந்தோம். கல்வராயன் மலையிலிருந்து வந்த பெண் ஒருத்தி, வெறுங்கால், குதிகாலில் செம்மண் அப்பியிருந்தது, பாவாடையை முழங்காலுக்கு மேல் பின் குத்தியிருந்தாள். இரண்டாவதாக வந்தவளைக் கால் சுற்று பின்னால் விட்டுவிட்டாள். "எந்த ஊரு பாப்பா?" என்றோம். "வெள்ளிமலைக்கு அந்தப் பக்கம்ங்க." கைதட்டினோம், போட்டோ எடுத்துக்கொண்டோம். எங்களில் ஒருவருக்குச் செருப்புக்கடையே இருக்கிறது. அவள் கால் அளவை யாரும் கேட்கவில்லை.

அடுத்த வருஷம் அவள் வரவில்லை. ஏன் என்று கச்சிராயபாளையம் வழியாக பஸ் ஏறிப் போய் விசாரிக்க, எங்களில் ஒருவருக்கும் ஒரு ஞாயிற்றுக்கிழமை கிடைக்கவில்லை. இப்போது தேடிப் போகலாம் என்றால் பெயர் தெரியாது. அந்த போட்டோ மட்டும் இருக்கிறது. நடுவில் நாங்கள் நிற்கிறோம், அவள் ஓரத்தில் பாதி வெட்டுப்பட்டு நிற்கிறாள்.