வாழ்நாட் கணக்கு எவருக்கு உரியது?

தீரா நோயுற்றவரிடம் அவரது எஞ்சிய வாழ்நாளைப் பற்றிப் பேசலாகாது என்பது நம்மிடையே வேரூன்றிய ஒரு கொள்கை. வைத்தியர் மகனையோ மைத்துனரையோ தனியே அழைத்துத் தாழ்ந்த குரலிற் கூறுகிறார். வீடு முழுவதும் அறிந்த செய்தியை அதற்குரியவர் மட்டும் அறியாதிருக்கிறார். இதனைக் கருணையென்று போற்றுவோர் உளர். இஃது உரிமைப் பறிப்பே என்பது எமது துணிபு.

இம்மௌனத்தைக் கீழைத்தேயப் பண்பாடு என்பது பொருந்தாது. 1961இல் ஐக்கிய அமெரிக்காவில் டொனால்ட் ஓக்கன் வெளியிட்ட ஆய்வில், நூற்றுக்கு 90 வைத்தியர் புற்றுநோயை நோயாளிக்குக் கூறாதிருத்தலையே விரும்பினர். 1979இல் வெளியான மற்றோர் ஆய்வில் நூற்றுக்கு 97 பேர் கூறுதலையே விரும்பினர். அங்கும் மௌனமே மரபாயிருந்தது; அம்மரபு மாறியது.

வைத்தியரும் நாளறியாரே, அறியாததை எங்ஙனம் கூறுவது என வினவுவர் சிலர். இது வலுவுடைய தடையே. கிறிஸ்தாக்கிஸ், லமொன்ட் ஆகிய இருவரும் மரணத்தை அண்மித்திருந்த 468 நோயாளர் பற்றிய வைத்தியர்தம் கணிப்புகளை ஆராய்ந்து 2000ஆம் ஆண்டில் வெளியிட்டனர். ஐந்தில் ஒரு பங்கே ஏறத்தாழச் சரியானது; பெரும்பாலானவை வாழ்நாளைக் கூட்டியே மதித்திருந்தன. நோயாளியோடு நெடுங்காலம் பழகிய வைத்தியரே கணிப்பிற் கூடுதலாகத் தவறினர். ஆயின், இதிலிருந்து பெறப்படுவது மௌனமன்று. நிச்சயமின்மையையும் மறையாது கூறும் நேர்மையே. ‘ஆறு மாதம்’ எனத் தீர்ப்பளித்தல் தவறு. ‘சில மாதங்களாகலாம், ஓராண்டைக் கடத்தலுங்கூடும்’ என்பதே மெய்.

உயிரியலறிஞர் ஸ்டீபன் ஜே கூல்ட் 1982இல் அரியதொரு புற்றுநோய்க்கு ஆளானார். அந்நோயாளரின் வாழ்நாளினது இடையம் எட்டு மாதமென நூல்களிற் கண்டார். பாதிப்பேர் அதற்கு அப்பாலும் வாழ்வர் என்பதே இடையத்தின் பொருளென உணர்ந்தார். 20 ஆண்டுகள் வாழ்ந்து, 2002இல் வேறொரு புற்றுநோயால் இறந்தார். எல்லோருக்கும் அவ்வாறு வாய்க்காது. ஆனால் எண்ணை அறிந்தமை அவரது நம்பிக்கையைக் குலைத்துவிடவில்லை.

அறிய விரும்பாதார்மீது உண்மையைத் திணிக்குமாறு நாம் கூறவில்லை. எவ்வளவு அறிய விரும்புகிறார் என முதலில் நோயாளியையே கேட்க வேண்டும். காணியை எழுதிவைக்கவும், பிணங்கிய சகோதரனை அழைக்கவும், பயனற்ற சிகிச்சையை மறுக்கவும், சொந்த வீட்டிற் கண்மூடவும் அவகாசம் வேண்டும். அந்த அவகாசத்தைப் பறிக்கும் அதிகாரம் உறவினர்க்கும் இல்லை, வைத்தியர்க்கும் இல்லை.

சாமுவேல் கிறீன் 19ஆம் நூற்றாண்டிலேயே மானிப்பாயில் மேனாட்டு மருத்துவத்தைத் தமிழிற் கற்பித்தார். அம்மொழியில் இதனைக் கூறவும் சொற்கள் உண்டு. கூறும் துணிவை நாளைய வைத்தியர் இன்றே கற்பாராக.