மாமா மாட்டிய 11

"மாமா, இந்தக் கிட்டாரை யாருக்காவது கொடுத்திடலாமா?"

அக்கா மகன் இப்படிக் கேட்டபோது, வானொலியில் நாளெல்லாம் பேசும் எனக்கே பதில் வரவில்லை.

அவனுக்கு வயது 13. போன தீபாவளிக்குக் குடும்பமே சேர்ந்து வாங்கிக் கொடுத்த எலெக்ட்ரிக் கிட்டார் அது. முதல் மாதம் வீடே அதிர்ந்தது. பிறகு அலமாரிக்குப் பின்னால் போய்விட்டது. "அவன் ஆர்வம் அவ்வளவுதான்" என்றார் அக்கா.

எடுத்து வாசித்துப் பார்த்தேன். ஐந்தே நிமிடத்தில் எனக்கே விரல் எரிந்தது. அப்போதுதான் உறைத்தது. அந்தத் தந்திகளை மாட்டியது நான்தான்!

கடையிலிருந்து வந்தபோது அதில் இருந்தது 9. அதாவது, முதல் தந்தியின் தடிமன் ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் 9 பங்கு. "என்னடா நூல் மாதிரி இருக்கு? தடித்த தந்தியில்தான் நல்ல சத்தம் வரும்" என்று 11 மாட்டிவிட்டேன். விரல் வலிக்கிறது என்றவனிடம், "ஸ்டீவி ரே வான் 13 மாட்டி வாசித்தவர், தெரியுமா?" என்று பெருமை வேறு பேசினேன். அவர் தந்திகளை அரைக் கட்டை இறக்கி, இழுவையைக் குறைத்துக்கொண்டவர் என்பதைச் சொல்லவில்லை.

9-க்கும் 11-க்கும் உள்ள வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாது, விரலுக்குத் தெரியும். ஒரே நீளம், ஒரே சுருதி என்றால் இழுவிசை தடிமனின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும். முதல் தந்தியில் சுமார் 6 கிலோவாக இருந்தது 9 கிலோ ஆகிவிடும். அந்த இழுப்பில் கிட்டாரின் கழுத்து முன்னால் வளையும், தந்திகள் உயரும், அழுத்த இன்னும் பலம் வேண்டும். நான் தந்தியை மாற்றினேனே தவிர, கிட்டாரைச் சரிசெய்யவில்லை.

தடித்த தந்தி தப்பில்லை. சுருதியை இறக்கி வாசிப்பவர்களுக்கு அது தேவைதான். ஆனால் 9-இலிருந்து 10 என ஒரு படி ஏறிப் பாருங்கள். கழுத்துக்குள் இருக்கும் டிரஸ் ராடைக் கால் சுற்றுக்கு மேல் ஒரே தடவையில் திருகாதீர்கள். ஆடும் பிரிட்ஜ் என்றால் பின்னால் உள்ள ஸ்பிரிங்கை இறுக்க வேண்டும். 12-ஆவது ஃபிரெட்டில் சுருதி சேர்கிறதா என்று பாருங்கள். பழக்கம் இல்லையென்றால், கிட்டார் பழுது பார்ப்பவரிடம் கொடுத்துவிடுவது நல்லது.

மெல்லிய தந்தி என்றால் இளக்காரமா? பிளாக் சபாத் குழுவின் டோனி அயோமி, 17 வயதில் தொழிற்சாலை விபத்தில் இரண்டு விரல் நுனிகளை இழந்தவர். தந்தியை அழுத்தும் கை அது. பிளாஸ்டிக்கை உருக்கி விரலுக்குத் தொப்பி செய்துகொண்டார். வலி குறைய மெல்லிய தந்திகளைத் தேடினார், பான்ஜோ தந்தியைக்கூட மாட்டினார். ஹெவி மெட்டல் இசையின் கனமான சத்தம் அந்த விரல்களிலிருந்துதான் வந்தது.

ஞாயிற்றுக்கிழமை 9 வாங்கிக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போனேன். நான் எதையும் திருகாமல் விட்டிருந்ததால், மெல்லிய தந்தி ஏறியதும் கழுத்து பழைய நிலைக்கு வந்துவிட்டது.

"சாரிடா, தப்பு உன் விரலில் இல்லை, மாமா மேலதான்" என்றேன்.

அவன் ஒன்றும் சொல்லவில்லை. அரை மணி நேரம் கழித்து, அக்காதான் சமையலறையிலிருந்து கத்தினார்: "டேய், சத்தத்தைக் குறைடா!"

பிள்ளைகள் ஒன்றைப் பாதியில் விட்டால், ஆர்வம் இல்லை என்று உடனே முடிவு கட்டிவிடாதீர்கள். அவர்கள் கையில் நாம் என்ன மாட்டிவிட்டோம் என்று ஒரு தடவை தொட்டுப் பாருங்கள்.