காரணம் இல்லாத சந்தோஷமா?

போன செவ்வாய்க்கிழமை காலை செவ்வாப்பேட்டை ரோடு ஸ்டேஷனில் ஒருவர் என்னிடம் ஒரு கேள்வி கேட்டார். எனக்கு ஐந்தாறு வயது இளையவராக இருப்பார். கையில் சாவிக்கொத்து. பெஞ்சில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். என் தங்கை மகன் எங்கள் முன்னால், மஞ்சள் கோட்டுக்கு நன்றாகப் பின்னால், தூணைப் பிடித்தபடி நின்றுகொண்டிருந்தான்.

"தினமும் பாக்குறேன் சார். நாப்பது வயசு ஆள இட்டாந்து ரயில் காட்டிக்கினு இருக்கீங்க. இந்த நேரத்துல எதனா ஒரு வேலை கத்துக் குடுக்கலாம்ல?"

பதில் சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் பெங்களூர் போகும் பிருந்தாவன் வந்துவிட்டது. அது நம் ஊரில் நிற்காது. அது கடக்கும்போது பேசினாலும் காதில் விழாது. அவர் எழுந்து போய்விட்டார். அன்று சொல்லாத பதிலை இங்கே எழுதுகிறேன். கொஞ்சம் காரமாக இருந்தால் வாசக நண்பர்கள் மன்னிக்க வேண்டும். அவருக்காக மட்டும் எழுதவில்லை, அவரைப் போலவே பல வருடம் நினைத்துக்கொண்டிருந்த எனக்காகவும்தான்.

முதலில் ஆளைச் சொல்லிவிடுகிறேன். பெயர் வேண்டாம். 1984-ல் பாண்டிச்சேரியில் பிறந்தான். ஆட்டிசம் உள்ளவன். என் தங்கை 2008-ல் போய்ச் சேர்ந்த பிறகு எங்களோடு இருக்கிறான். என்னை 'மாமா' என்று கூப்பிடுவான். அதைத் தவிர ஒரு நாளைக்குப் பத்துப் பதினைந்து வார்த்தை பேசினால் அதிகம்.

அவனுக்குச் சந்தோஷம் தருகிறவற்றை வரிசையாகச் சொல்கிறேன். நிற்காமல் போகும் ரயில். அது வரும் முன்பே பிளாட்பாரத்தில் ஒரு நடுக்கம் கிளம்பும், அதைச் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளங்காலில் வாங்கிக்கொள்வான். வீட்டில் மாவு அரைக்கும்போது கிரைண்டர் மேடையில் இரண்டு உள்ளங்கையையும் வைத்துக்கொண்டு நிற்பது. காலையில் எழுந்ததும் தினசரி காலண்டரில் நேற்றைய தாளைக் கிழிப்பது. அந்த 'சர்ர்' சத்தம் ஒரே சீராக வர வேண்டும். நான் ரிட்டயர் ஆனபோது கடையில் வாங்கிக் கொடுத்த ஒரு தேதி முத்திரை. அதன் ரப்பர் பட்டையைத் திருகித் திருகி நோட்டில் குத்துவான். மொட்டைமாடியில் காய்ந்த போர்வை சூடு ஆறுவதற்குள் முகத்தை அதில் புதைத்துக்கொள்வது. அவன் அம்மாவின் தையல் டப்பாவில் இருந்த பழைய பட்டன்கள்.

செலவு? பிளாட்பாரம் டிக்கெட் பத்து ரூபாய். திருவள்ளூருக்கு டிக்கெட் ஐந்து ரூபாய்தான். அதனால் நான் திருவள்ளூருக்கே வாங்கிவிடுவேன். குமாஸ்தா புத்தி. சில நாள் போய்விட்டும் வருவோம்.

இனி குற்றச்சாட்டுகளுக்கு வருகிறேன்.

முதல் குற்றச்சாட்டு, இது சின்னப்பிள்ளைத்தனம் என்பது. நம்மைக் கொஞ்சம் பார்த்துக்கொள்வோம். நம் வயதில் எத்தனை பேருக்கு அதே நாற்காலி, அதே டம்ளர், அதே சூட்டில் காபி இல்லாவிட்டால் அந்த நாள் விடிவதில்லை? ஐம்பது வருடம் முன்பு பார்த்த மேட்சின் ஸ்கோரை இன்றும் சொல்லி மகிழ்கிறவர்கள் இல்லையா? கோயில் பிராகாரத்தை எண்ணி எண்ணி நூற்றெட்டு முறை சுற்றுகிறோம். அதைப் பக்தி என்கிறோம். என்னிடம் கேள்வி கேட்ட அந்த நண்பர் பேசிய நேரம் முழுக்கத் தன் சாவிக்கொத்தை விரலில் போட்டுச் சுழற்றிக்கொண்டே இருந்தார். என் தங்கை மகன் அதையேதான் ஆசையாகப் பார்த்துக்கொண்டிருந்தான். இருவருக்கும் பிடித்தது ஒன்றுதான். ஒருவரை 'சார்' என்கிறோம், மற்றவனை 'பாவம்' என்கிறோம்.

இரண்டாவது, வேலை கற்றுக்கொடுக்கலாமே என்பது. கற்றுக்கொண்டிருக்கிறான். துணி மடிப்பான், கீரை ஆய்வான், பால் பாக்கெட் கணக்கு வைப்பான். ஆனால் நண்பரின் கேள்விக்குள் வேறொரு கேள்வி ஒளிந்திருக்கிறது. சம்பாதிக்காதவனுக்குச் சந்தோஷம் எதற்கு என்பதுதான் அது. நான் ஓய்வு பெற்றுப் பல வருடம் ஆகிறது. காலை முழுவதும் பேப்பர் படிக்கிறேன். இந்த நேரத்தில் ஏதாவது வேலை கற்றுக்கொள்ளலாமே என்று என்னை யாரும் கேட்டதில்லை.

உலகத்தில் முதன்முதலாக ஆட்டிசம் என்று பதிவானவர் டொனால்ட் டிரிப்லெட் என்ற அமெரிக்கர். 1943-ல் டாக்டர் லியோ கானர் பதினொரு குழந்தைகளைப் பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டார். அதில் முதல் குழந்தை இவர். கையில் கிடைத்த உருண்டையான பொருளை எல்லாம் தரையில் சுழலவிட்டு மகிழ்வார் என்று அதிலேயே எழுதியிருக்கிறது. அந்தக் குழந்தை வளர்ந்து, மிசிசிப்பி மாநிலத்தில் தன் சொந்த ஊரான ஃபாரஸ்ட் என்ற சிற்றூரில், பல பத்து வருடம் வங்கி குமாஸ்தாவாக இருந்தார். நம்ம ஜாதி! கோல்ஃப் ஆடினார், தனியாகவே பல நாடுகள் சுற்றினார், 2023-ல் தன் 89-வது வயதில் காலமானார். ஊர்க்காரர்கள் அவரை அவர் போக்கில் ஏற்றுக்கொண்டார்கள். எல்லோரும் அவரைப் போல வேலைக்குப் போய்விட முடியும் என்று சொல்ல வரவில்லை. என் தங்கை மகனால் முடியாது. வேலைக்குப் போனவரோ போகாதவரோ, சுழலும் பொருளைப் பார்த்து மகிழ யாரிடமும் அனுமதி வாங்கத் தேவையில்லை என்கிறேன்.

மூன்றாவது குற்றச்சாட்டுதான் பெரியது. இதெல்லாம் சந்தோஷம் இல்லை, நோயின் அறிகுறி, விட்டால் முற்றிவிடும் என்பது. இதைச் சொல்கிறவர்கள் படித்தவர்கள். அதனால்தான் நானும் நம்பினேன்.

1995 சட்டத்தில் ஆட்டிசம் என்ற பெயரே கிடையாது. அவனுக்கு முதலில் வாங்கிய சான்றிதழ் மனவளர்ச்சி குன்றியவர் என்றுதான். 2016-ல் வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைகளைச் சேர்த்தது. ஆட்டிசம் அதில் ஒன்று. பிறகு புதிய சான்றிதழுக்குப் போனோம். நம் நாட்டில் அதற்கென்று ஒரு அளவுகோல் உண்டு. 40 கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை மதிப்பெண். கூட்டுத்தொகை 70-க்குக் கீழே என்றால் ஆட்டிசம் இல்லை, 153-க்கு மேல் என்றால் கடுமையானது. வாழ்நாள் முழுக்கப் படிவம் பார்த்தவன் என்பதால் ஒவ்வொரு வரியையும் படித்தேன். உயிரற்ற பொருள்களின் மேல் பற்று உண்டா? பொருளைத் தொட்டும் முகர்ந்தும் பார்ப்பாரா? வெளிப்படையான காரணம் இல்லாமல் உற்சாகமோ பதற்றமோ அடைவாரா?

கடைசிக் கேள்வியில் பேனா நின்றுவிட்டது. காரணம் யாருக்கு வெளிப்படையாக இல்லை? பிருந்தாவன் வந்தது, அதனால் குதித்தான். போர்வை சூடாக இருந்தது, அதனால் சிரித்தான். அவனுக்குக் காரணம் தெரியும். பக்கத்தில் இருக்கும் எனக்கும் தெரியும்.

அந்தப் படிவத்தை நான் குறை சொல்லவில்லை. சலுகை கிடைக்க அடையாளம் வேண்டும், அடையாளத்துக்கு அளவுகோல் வேண்டும். படிவத்தின் வேலை அது. ஆனால் ஆபீஸில் முடிய வேண்டிய படிவத்தை நாம் வீட்டுக்குத் தூக்கி வந்துவிட்டோம். அவன் சிரித்தால் உடனே மனத்துக்குள் ஒரு மதிப்பெண் போடுகிறோம். நாற்பது கேள்வியில் ஒன்றுகூட, 'இவருக்கு எது பிடிக்கும்?' என்று கேட்கவில்லை. படிவம் கேட்காவிட்டால் போகட்டும், வீட்டு மனிதர்கள் நாம் கேட்க வேண்டாமா?

நானும் கேட்காமல் இருந்தவன்தான். அதைச் சொல்லாமல் இதை முடிக்க எனக்கு யோக்கியதை இல்லை.

2011-ல் ஒரு பயிற்சி மையத்துக்கு அவனை அழைத்துப் போனேன். ஊரும் பெயரும் வேண்டாம். அங்கே சொன்னார்கள்: "பட்டன் டப்பாவைப் பிடுங்கிடுங்க. கை சும்மா இருக்கப் பழகணும். சொன்னபடி கேட்டால் பரிசாகப் பத்து நிமிஷம் கொடுங்க." கேட்டேன். பீரோவில் வைத்துப் பூட்டினேன். ரயிலும் அப்படியே. வாரம் முழுக்க ஒழுங்காக இருந்தால் ஞாயிற்றுக்கிழமை மட்டும்.

மூன்று மாதம். கை சும்மா இருக்கப் பழகிவிட்டது. அதோடு சாப்பாடு குறைந்தது, தூக்கம் போனது. காலண்டர் தாள் கிழிபடாமல் ஒரே தேதியில் நின்றது. 'மாமா' என்ற வார்த்தையும் நின்றது. மையத்தில் "நல்ல முன்னேற்றம்" என்றார்கள். அமைதியாக உட்கார்ந்திருக்கிறானாம்.

அமைதியாக உட்காருவது பற்றி எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். நான் பாண்டிச்சேரியில் பிரெஞ்சு மீடியத்தில் படித்தவன். வகுப்பில் வாத்தியார் முதலில் சொல்வது "ப்ரா க்ருவாஸே!" கையைக் கட்டு என்று அர்த்தம். எட்டு வயதில் பெஞ்சுக்குக் கீழே காலை ஆட்டியதற்காக மர ஸ்கேலால் முட்டியில் அடி வாங்கியிருக்கிறேன். கையைக் கட்டிக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருந்தபோது நான் பாடத்தையா கவனித்தேன்? எப்போது மணி அடிக்கும் என்று கவனித்தேன். அறுபது வயதில் அதே ஸ்கேலை நான் கையில் எடுத்திருக்கிறேன் என்பது உறைக்கவே இல்லை.

என் மனைவிதான் ஒரு நாள் பீரோ சாவியைக் கேட்டாள். "அது அவன் அம்மா டப்பாங்க" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். டப்பாவை அவன் முன்னால் வைத்தோம். உடனே தொடவில்லை. என் முகத்தைப் பார்த்தான். பத்து நிமிஷம் ஆனதும் பிடுங்கிவிடுவேனோ என்று பார்த்திருக்கிறான். அந்தப் பார்வையை நான் இன்னும் மறக்கவில்லை. அவன் மறுபடி 'மாமா' என்று கூப்பிட மேலும் ஐந்து வாரம் ஆயிற்று.

எல்லாவற்றையும் அவிழ்த்துவிடச் சொல்லவில்லை. தலையைச் சுவரில் மோதினால் தடுக்கத்தான் வேண்டும். தண்டவாளத்தின் பக்கம் போனால் கையைப் பிடிக்கத்தான் வேண்டும், பிடித்துக்கொண்டுதான் இருக்கிறேன். எல்லோருக்கும் ரயில் பிடிக்கும் என்றும் இல்லை. ரயில் சத்தத்தை விரும்பும் இவனே குக்கர் விசில் அடித்தால் இரண்டு காதையும் பொத்திக்கொள்வான். நான் சொல்வது யாருக்கும் தீங்கு செய்யாத சந்தோஷங்களைப் பற்றி. அவற்றைப் பரிசாக்காதீர்கள், தண்டனையாக்காதீர்கள், சிகிச்சையாகக்கூட ஆக்காதீர்கள். சோற்றைப் பரிசாகக் கொடுப்போமா?

சட்டம் வேண்டுமென்றால் அதுவும் இருக்கிறது. அதே 2016 சட்டத்தின் 29-வது பிரிவு, பண்பாட்டு வாழ்வும் பொழுதுபோக்கும் மற்றவர்களுக்குச் சமமாக இவர்களுக்கும் உண்டு என்கிறது. அரசாங்கத்துக்குச் சொன்னதுதான். ஆனால் பெஞ்சும் பிளாட்பாரமும் போட்டுக் கொடுத்த பிறகு, அங்கே நிற்கிறவனை முறைத்துப் பார்த்து விரட்டுவது அரசாங்கம் இல்லை. நாம்தான்.

எனக்கு 75 முடிந்துவிட்டது. அவனுக்குச் சட்டப்படியான காப்பாளராக என் மகளை நியமிக்க விண்ணப்பம் தயார் செய்துகொண்டிருக்கிறேன். 1999 தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி, கலெக்டர் இருக்கும் உள்ளூர்க் குழு அதை முடிவு செய்யும். காப்பாளர் ஆனவர் ஆறு மாதத்துக்குள் அவனுடைய அசையாச் சொத்து, மற்ற சொத்து, கடன் எல்லாவற்றுக்கும் பட்டியல் கொடுக்க வேண்டும். அந்தப் பட்டியல் அரைப்பக்கம்கூட வராது. இன்னொரு பட்டியலை நானாக எழுதி அதே ஃபைலில் கட்டி வைத்திருக்கிறேன். ரயில், கிரைண்டர், காலண்டர், முத்திரை, போர்வை, பட்டன். ஒவ்வொன்றுக்கும் நேரம், இடம், எப்படிப் பிடிக்கும் என்ற குறிப்பு. இரண்டரைப் பக்கம் வந்திருக்கிறது. மகள் படித்துவிட்டு, "அப்பா, போர்வையை வெயில் இருக்கும்போதே எடுத்துடணும்னு எழுதலையே" என்றாள். சேர்த்துவிட்டேன்.

உங்கள் வீட்டிலோ தெருவிலோ இப்படி ஒருவர் இருந்தால், இன்று ஒரு தாளை எடுத்து நீங்களும் எழுதிப் பாருங்கள். பாதிப் பக்கம்கூட நிரம்பவில்லை என்றால் அவருக்குச் சந்தோஷங்கள் குறைவு என்று நினைக்காதீர்கள். நாம் பார்த்தது குறைவு.

சாவிக்கொத்து நண்பருக்கு: நாங்கள் நாளையும் எட்டு மணிக்கு அதே பெஞ்சில்தான் இருப்போம். வாருங்கள், கோபம் ஒன்றும் இல்லை. அந்தச் சாவிக்கொத்தை ஒரு ஐந்து நிமிஷம் அவன் கையில் கொடுத்துப் பாருங்கள். பத்திரமாகத் திருப்பிக் கொடுப்பான்.