பரிசோதனை கேட்பது குற்றமன்று

கல்லூரியில் படிக்கும் பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் குடும்பமே உடன் வருகிறது. பரிசோதனைச் சீட்டைத் தந்தை வாங்கிப் பார்க்கிறார். மாத்திரை நேரத்தைத் தாய் நினைவூட்டுகிறார். அதே பிள்ளைக்குப் பால்வினைத் தொற்று பற்றிய ஐயம் எழுந்தால் அவர் தனியே வருகிறார். பல வேளைகளில் வருவதேயில்லை. இவ்வேறுபாடு குறித்து, இவ்விதழைப் படிக்கும் குடும்பத்தாரோடு வெளிப்படையாகப் பேச விரும்புகிறோம்.

தமிழகத்தில் பரிசோதனைக்கு வசதியில்லை என்று சொல்வதற்கில்லை. அரசு மருத்துவமனைகளில் இயங்கும் நம்பிக்கை மையங்களில் எச்.ஐ.வி. பரிசோதனை கட்டணமின்றிச் செய்யப்படுகிறது. அதற்கு முன்னும் பின்னும் ஆலோசகர் தனியே பேசுகிறார். பால்வினை நோய்களுக்கெனச் சுகவாழ்வு மையங்கள் உள்ளன. கல்லூரிகளில் செஞ்சுருள் சங்கங்கள் விழிப்புணர்வு நிகழ்ச்சிகளை நடத்துகின்றன. எச்.ஐ.வி., எய்ட்ஸ் குறித்து 2017ஆம் ஆண்டு இயற்றப்பட்ட சட்டம், உரியவரின் ஒப்புதலின்றிப் பரிசோதனை செய்வதையும், சில விதிவிலக்குகள் நீங்கலாக, முடிவைப் பிறருக்கு வெளியிடுவதையும் தடை செய்கிறது. தொற்று உள்ளது என்பதற்காக மாணவரைக் கல்வி நிறுவனத்திலிருந்து நீக்குதலும் அச்சட்டப்படி கூடாது. இத்தனை இருந்தும் மாணவர் தயங்குவதேன்? வீட்டுக்குத் தெரிந்துவிடுமோ என்னும் அச்சமே முதற்காரணம் என்று கருதுகிறோம்.

அத்தயக்கத்தின் தீங்கு உடலில் விளைகிறது. சிபிலிஸ் எனப்படும் மேகப்புண் முதலில் தோன்றும்போது பெரும்பாலும் வலிப்பதில்லை. சில வாரங்களில் தானே ஆறிவிடும். நோய் நீங்கிற்று என்று மாணவர் ஆறுதல் கொள்வார். கிருமியோ உடலிலேயே தங்கி, பல்லாண்டுகள் கழித்து இதயத்தையும் மூளையையும் தாக்கக்கூடும். தொடக்கத்திலேயே கண்டறிந்தால் பெனிசிலின் ஊசியால் குணமாகும். கிளமிடியா என்னும் தொற்று பெண்களிடம் பெரும்பாலும் அறிகுறியே காட்டுவதில்லை. கவனியாது விட்டால் கருக்குழாய்களைப் பாதித்து, பின்னாளில் குழந்தைப்பேற்றுக்குத் தடையாகலாம். எச்.ஐ.வி. தொற்றும் இன்று மருந்தால் கட்டுப்படுவதே. தவறாது மருந்துண்டு, இரத்தத்தில் கிருமி கண்டறிய இயலாத அளவுக்குக் குறைந்த நிலையிலேயே இருப்பவரிடமிருந்து உடலுறவு வழியாக அது பரவுவதில்லை. இம்மருந்து 2004 முதல் அரசால் இலவசமாக வழங்கப்படுகிறது. அத்திட்டம் தொடங்கிய இடங்களுள் தாம்பரம் அரசு மருத்துவமனையும் ஒன்று.

“இவற்றையெல்லாம் பேசினால் பிள்ளைகள் கெட்டுவிடுவார்கள்” என்னும் பெற்றோரின் கவலை எங்களுக்குப் புரியாததன்று. ஒழுக்கம் கற்பிப்பது பெற்றோரின் உரிமை. மருத்துவமனை அதில் தலையிட வேண்டியதில்லை. ஆயினும், பரிசோதனை என்பது நடந்து முடிந்த ஒன்றின் விளைவை அறிவதற்கே. அதை மறுப்பதால் நடந்தது இல்லாமற்போகாது. மருத்துவம் மட்டுமே தள்ளிப்போகும். மேலும், பரிசோதனைக்கு வருவோர் எல்லாரும் ஒரே காரணத்துக்காக வருவதில்லை. தூய்மையற்ற ஊசியால் பச்சை குத்திக்கொண்டவர் உண்டு. பயிற்சியின்போது கையில் ஊசி குத்திய செவிலிய மாணவியும் உண்டு. வன்கொடுமைக்கு ஆளாகி, அதைச் சொல்ல வாயெழாதவரும் உண்டு. “என்ன செய்தாய்?” என்பதே வீட்டின் முதற்கேள்வியானால், மிகுதியும் உதவி வேண்டுபவரே வாய்மூடிக்கொள்வார்.

ஆகவே குடும்பத்தாரிடம் நாங்கள் வேண்டுவன மூன்று. முதலாவது, பிள்ளை பரிசோதனைக்குச் செல்ல விரும்பினால் காரணம் கேட்டுத் துருவாதீர்கள், “துணைக்கு வரட்டுமா?” என்று மட்டும் கேளுங்கள். இரண்டாவது, 18 வயது நிறைந்தவரின் முடிவுச் சீட்டு அவருக்கே உரியது. அவராகக் காட்டும்வரை பொறுத்திருங்கள். மூன்றாவது, தொற்று இருப்பது தெரியவந்தால் தட்டையும் தம்ளரையும் தனியே எடுத்து வைக்காதீர்கள். சேர்ந்து உண்பதாலோ தொடுவதாலோ எச்.ஐ.வி. பரவாது. நாள்தோறும் மருந்துண்ண வேண்டிய ஒருவருக்கு வீட்டின் அரவணைப்பு பெருந்துணையாகும்.

மாணவர்களுக்கும் ஒரு சொல். எச்.ஐ.வி. தொற்றியிருக்கக்கூடும் என்ற நிலை நேர்ந்தால், 72 மணி நேரத்துக்குள் வருவோருக்குத் தடுப்பு மருந்தை 28 நாள்களுக்குத் தர இயலும். எவ்வளவு விரைந்து வருகிறீர்களோ அவ்வளவு நலம். அந்நேரம் கடந்திருந்தாலும் வாருங்கள். உடனே செய்யும் பரிசோதனையில் தொற்று புலப்படாமற்போகலாம். எனவே ஆலோசகர் குறிப்பிடும் நாளில் மீண்டும் செய்துகொள்ளுங்கள். மருந்துக்கடையில் தாமாகவே மாத்திரை கேட்டு வாங்கி உண்பதைத் தவிருங்கள். அறிகுறி மறைந்து நோய் எஞ்சிவிடக்கூடும். நேரில் பேசத் தயங்குவோர் 1097 என்னும் உதவி எண்ணைக் கட்டணமின்றி அழைக்கலாம்.

தம் உடலைப் பற்றிக் கேட்கத் துணியும் இளையோர் பொறுப்புள்ளவர்கள் என்றே நாங்கள் கருதுகிறோம். வீட்டாரும் அவ்வாறே கருதினால், மருத்துவமனையின் படியேறுவது அவர்களுக்கு எளிதாகும்.